இடது காதில் பாட்டு, வலது காதில் கொலை

எங்கள் மேசையில் ஒரு வருடமாக ஓர் ஊசிகூடத் தொலையவில்லை என்பதற்காகக் கிடைத்த பரிசு அது.

நானும் என் நாத்தனாரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், பழுது பார்க்கும் பிரிவில் தைக்கிறவர்கள். துவைத்துக் காய்ந்து வருவதில் கிழிந்ததெல்லாம் எங்களிடம் வரும்: படுக்கை விரிப்பு, தலையணை உறை, பொத்தான் போன மேல்சட்டை, நாடா அறுந்த அங்கி. நோயாளி படுக்கிற துணியில் ஊசி தங்கிவிட்டால் விபரீதம் என்பதால், காலையில் எண்ணி வாங்கும் ஊசிகளை மாலையில் எண்ணித் திருப்பித் தர வேண்டும். மற்ற மேசைகளில் அவ்வப்போது ஒன்று குறையும். எல்லாரும் தரையில் மண்டியிட்டுத் தேடுவார்கள். எங்கள் ஏழாம் மேசையில் மட்டும் குறையவே இல்லை. அதைத் திறமை என்று சொல்ல மாட்டேன். அவள் எப்போது தொலைப்பாள் என்று நானும், நான் எப்போது தொலைப்பேன் என்று அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்ததுதான் காரணம்.

சூப்பர்வைசர் அம்மா எல்லாரையும் கைதட்டச் சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

"மேசைக்கு ஒண்ணுதான்," என்றார் அவர்.

உள்ளே இருந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளேயர். பாட்டு கேட்கலாம், புத்தகம் வாசிப்பதைக் கேட்கலாம், நகம் அளவுத் திரையில் படம்கூடப் பார்க்கலாம். போனிலேயே எல்லாம் வருகிற காலத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது. முன்பொருமுறை யாருடைய போனோ விரிப்புகளோடு சேர்ந்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் போய் வெடித்து, அறுபது விரிப்புகளில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டுவிட்டது. அத்தனையையும் தைத்தது யார் என்கிறீர்கள்? ஆகவே எட்டு மணி நேரமும் இயந்திரங்களின் உறுமலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பிளேயர் எங்களுக்குப் புதையல் மாதிரி.

சிக்கல் என்னவென்றால், அப்போது மூன்று வாரமாக எனக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நாத்தனாருக்கு வயது நாற்பத்தொன்று. வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் பெயர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களோடு இருக்கிறாள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே மேசை. நான் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய வெள்ளைத் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி, எந்த வார்டுல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் என் கணவர் வழியாகத்தான். "உங்க தங்கச்சி குளிச்சு முடிச்சாச்சான்னு கேளுங்க" என்பேன். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணா" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வரும். இடையில் நிற்கிற மனிதர் இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்வார். எதையும் சுருக்கத் தெரியாது அவருக்கு.

பிளேயரை முறை வைத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு முப்பத்தொன்று வந்தது. அதற்கு மறுநாள் ஒன்று. இரண்டு நாளும் எனக்கே என்று நான் எடுத்து மாட்டிக்கொண்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அண்ணனிடம் வழக்கு போயிற்று.

"காலண்டரை நானா செஞ்சேன்?" என்றேன் நான், சுவரைப் பார்த்து.

"வருஷத்துக்கு ஏழு தடவை இப்படி வரும்ணா. ஏழு நாள் எனக்கு நஷ்டம்," என்றாள் அவள், கூரையைப் பார்த்து.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை இடத்தில் அவரைக் 'கையேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதை வாங்கினாலும் அதோடு வரும் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டுத்தான் பொருளைத் தொடுவார். சோப்பு வாங்கினால்கூட உறையின் பின்பக்கத்தை வாசித்த பிறகே அது தண்ணீரைப் பார்க்கும். எங்கள் வழக்கைக் கேட்டவர், "அந்தப் பெட்டியில கையேடு இருந்திருக்குமே?" என்று கேட்டார். இருந்தது. அறுபத்துநாலு பக்கம். நான் அதை ஆடுகிற அலமாரிக் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்தேன்.

அதை உருவித் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது புண்பட்ட முகத்தோடு வந்தார்.

"இதுல பத்துல ஒரு பங்குகூட நீங்க ரெண்டு பேரும் பயன்படுத்தல," என்றார், நாங்கள் என்னவோ சோற்றைக் கொட்டிக் கவிழ்த்துவிட்ட மாதிரி. "பாக்கெட்டுல பட்டன் தானா அமுங்காம இருக்கப் பூட்டு இருக்கு. விட்ட இடத்துல குறி வச்சுக்கலாம். சாப்பாட்டு மணிக்குத் தானா அணையும்படி நேரம் வைக்கலாம். முப்பத்தொண்ணாம் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"முப்பத்தொண்ணுன்னு சொல்லாதீங்க," என்றேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது, இடது காதுக்கும் வலது காதுக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வழி. அதைப் படித்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்திருக்கிறது. இரண்டு காதுக்கும் வெவ்வேறு சத்தம் போகும் என்றால், இரண்டு பேருக்கும் வெவ்வேறு சத்தம் போகலாம் அல்லவா? பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார்கிறார்கள்? ஆளுக்கொரு காது!

அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் கம்ப்யூட்டர் முன்னாலேயே கழித்தார். என் பாட்டுகளை எல்லாம் இடது பக்கம் தள்ளி, குட்டி விரும்பிய கதையை வலது பக்கம் தள்ளி, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். குட்டியின் கதை ஒரு துப்பறியும் நாவல், நாற்பத்தொரு பகுதி, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், நாளைக்கு ஒன்றிரண்டு என்று கணக்கு. ஆக ஒவ்வொரு பகுதிக்கும் முக்கால் மணி நேரத்துக்கு எனக்குப் பாட்டு வேண்டும். டாக்டர் நோயைக் கேட்பது மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "காலையில எந்த மாதிரிப் பாட்டு? விரிப்பு தைக்கும்போது எப்படி? பொத்தான் வைக்கும்போது?" நான் எதையோ சொல்லி வைத்தேன். எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, மேசையில் பிளேயரை வைத்து, இடது காதுக் குமிழை நானும் வலது காதுக் குமிழை அவளும் மாட்டிக்கொண்டோம். என் வலப்பக்கத்தில் அவள். நடுவில் ஒரு முழ ஒயர். நான் குனிந்தால் அவள் தலை ஆடியது. அவள் நூல் அறுக்கத் திரும்பினால் என் குமிழ் கழன்றது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே, மாட்டைப் பூட்டிய மாதிரி ஒரே சீராகக் குனிந்து நிமிரக் கற்றுக்கொண்டோம். இஸ்திரி போடுகிற பெண்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்று மட்டும் அந்தக் கையேட்டில் இல்லை. எனக்குப் பாட்டு கேட்கும்போது முகத்தில் எதுவும் தெரியாது. குட்டிக்கோ, கதை கேட்டால் முகமே கதை. திடீரென்று புருவம் ஏறும். "ஐயையோ" என்பாள். ஒரு நாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அரை நிமிடம் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"என்ன?" என்று கேட்டுவிட்டேன். ஏழு வாரத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு தாங்க முடியாமல், "நீதிபதியை யாரோ கொன்னுட்டாங்க அண்ணி," என்றாள்.

அப்படித்தான் மறுபடியும் பேச ஆரம்பித்தோம். ஒரு பெரிய வீடு, அதில் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி, அவரைச் சுற்றி ஏழு பேர். யார் கொன்றது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற அளவுக்கெல்லாம் ஆசை இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் குட்டி அன்றன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இஸ்திரிப் பெண்கள் மூன்று பேரும், பொத்தான் கிடங்கைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் நாடா தைக்கிற பொத்தான் அக்காவும் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பொத்தான் அக்கா முதல் நாளிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அந்தப் பல் டாக்டர்தான். பல்லைப் பிடுங்கறவன் எதுக்கும் துணிஞ்சவன்."

வம்பு வந்தது ஒன்பதாம் பகுதியில்.

நூல், நாடா, பொத்தான் எல்லாம் வாங்கி வருவது குட்டியின் வேலை. அவள் எழுந்து போனால் கதையை நிறுத்த வேண்டும். கதையை நிறுத்தினால் என் பாட்டும் நின்றுவிடும். வந்த பிறகு பின்னால் ஓட்டினால் நான் கேட்ட பாட்டையே திரும்பக் கேட்க வேண்டும். ஒரு பாட்டை மூன்று தடவை கேட்ட நாளில் நான் முணுமுணுத்திருக்கிறேன் போல. அதனால் ஒன்பதாம் பகுதியில் அவள் எழுந்தபோது, வலது குமிழை என் கையில் கொடுத்தாள்.

"அஞ்சே நிமிஷம். நீங்க கேட்டு வச்சு எனக்குச் சொல்லுங்க அண்ணி. பாட்டை நிறுத்த வேணாம்."

நல்ல ஏற்பாடுதான். நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்து இடது காதில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு வந்துவிட்டது. வலது காதில் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்பதில் ஒரு சொல்கூட ஏறவில்லை. பாட்டு முடிந்தது, குட்டி நாடாக் கட்டோடு எதிரே நின்றாள்.

"என்ன ஆச்சு?"

திருதிருவென்று முழித்தேன். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடம் ஒரு காதைக்கூட ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவள் என்று இவளிடம் பெயர் வாங்குவதா?

"தோட்டக்காரன் வந்தான்," என்றேன்.

"தோட்டக்காரனா? அவன் முதல் பகுதியிலயே லீவுல போயிட்டானே!"

"ஆமா," என்றேன். "திரும்பி வந்துட்டான்."

குட்டி நாடாக் கட்டை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "யாருக்கும் தெரியாமலா?"

"யாருக்கும் தெரியாம. நொண்டி நொண்டி வந்தான். ரோஜாச் செடிக்கு அடியில எதையோ புதைச்சுட்டுப் போனான்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அன்று சாப்பாட்டு நேரத்தில் தோட்டக்காரன் பெஞ்சு முழுக்க நொண்டினான். அதற்கடுத்த பகுதிகளில் அவனைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்பது குட்டியின் சந்தேகத்தை இன்னும் பலப்படுத்தியது. "பாத்தீங்களா, வேணும்னே மறைக்கிறாங்க. எழுதினவங்க சாதாரண ஆள் இல்ல," என்பாள். நூல் வாங்க எழுந்தால் இப்போதெல்லாம் குமிழை நேராக என் வலது காதிலேயே செருகிவிட்டுப் போவாள். நானும் மிகவும் கவனமாகக் கேட்டேன். ஆனால் அந்த ஒரு பொய்க்குக் காவலாக இரண்டு மூன்று சின்னப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் சன்னலோரம் மண் ஒட்டிய செருப்புத் தடம் வந்தது. இன்னொரு நாள் யாரோ இருமினார்கள்.

இருபத்தெட்டாம் பகுதியில் குட்டி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் அக்கா, "பல் டாக்டர்தான், பாத்துக்கிட்டே இரு" என்று சீண்ட, "தோட்டக்காரன் மட்டும் இல்லைன்னா, ஒரு வாரத்துக்கு உங்க பங்கு நாடாவையும் நானே தைக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அறுவைசிகிச்சை அங்கிக்கு நாடா தைப்பதுதான் எங்கள் கூடத்திலேயே உயிரை வாங்கும் வேலை. ஒரு அங்கிக்கு எட்டு நாடா. ஒவ்வொன்றுக்கும் குறுக்கும் நெடுக்குமாகத் தையல்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தொண்டை வரை வந்தது. அண்ணன் தங்கை இருவரும் வீட்டில் இந்தக் கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தன் முடிச்சு இத்தனை சிறப்பாக வேலை செய்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. "அடுத்த கதைக்குச் சத்தத்தை இன்னும் கூர்மையாக்கலாம், நாப்பத்தேழாம் பக்கத்துல வழி இருக்கு," என்று அவர் சொல்லும்போது நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்ந்துபோன பாத்திரத்தை.

நாற்பத்தோராம் பகுதி ஒரு வியாழக்கிழமை முடிந்தது. கொன்றது பல் டாக்டர். நீதிபதியின் குடையை இரவல் வாங்கியதில் மாட்டிக்கொண்டானாம்.

குட்டி குமிழைக் கழற்றினாள். என்னைப் பார்க்கவில்லை, பிளேயரைப் பார்த்தாள்.

"குடையா? எந்தக் குடை? குடையைப் பத்தி ஒருத்தரும் எனக்குச் சொல்லவே இல்லையே!"

அவள் ஒன்பதாம் பகுதியைத் தேடிப் போட்டாள். நான் என் குமிழைக் காதில் வைத்துக்கொண்டு, என் அபிமானப் பாட்டை மறுபடியும் கேட்டபடி, பக்கத்தில் நடக்கப் போவதற்காகக் காத்திருந்தேன். ஒரு பாட்டுக்கு இவ்வளவு நீளம் ஆகாது. அவள் வலது காதில் பல் டாக்டர் சாவகாசமாகக் குடையை இரவல் வாங்கிக்கொண்டு போனான் என்று நினைக்கிறேன். குட்டி பிளேயரை அணைத்தாள்.

"தோட்டக்காரன் வரல," என்றாள்.

"வரல."

"அவன் லீவுலதான் இருக்கான்."

"ஆமா குட்டி. நான் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். நீ வந்து கேட்டதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"மண் ஒட்டின செருப்பு?"

"அதுவும்தான்."

"இருமினது?"

"குட்டி, போதும்."

அவள் ஒரு அங்கியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்தாள். நான் எதிர்பார்த்தது பேச்சில்லாத இன்னொரு ஏழு வாரம். அவள் அண்ணன் மறுபடியும் நடுவில் நின்று வார்த்தை மாறாமல் ஒப்பிப்பார். காதெல்லாம் சுட்டது எனக்கு. எதிர்மேசைக்கு அப்பால் பொத்தான் அக்கா தன் நாடா மூட்டையை ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருந்தாள்.

முதல் நாடா முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கும்போது, தலையைத் தூக்காமலே குட்டி கேட்டாள்:

"எந்தக் காலை நொண்டினான்?"

"யாரு?"

"தோட்டக்காரன்."

யோசித்தேன். "இடது."

"ரோஜாச் செடிக்கு அடியில என்ன புதைச்சான்?"

"தெரியல. நான் அவ்வளவு தூரம் யோசிக்கல."

"யோசிங்க," என்றாள். "ஒரு மாசமா அவனை மட்டும்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். அப்படியே நட்டாத்துல விட்டுட்டுப் போறீங்களே, நல்லா இருக்கா?"

அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது அவளை ஏமாற்றியதற்கான கோபம் இல்லை. தோட்டக்காரனைப் பாதியில் விட்டதற்கானது என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நானும் என் பங்குக்கு, பொத்தான் அக்கா கொண்டுவந்து போட்ட நாடா மூட்டையிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

தோட்டக்காரன் புதைத்தது ஒரு தகரப் பெட்டி என்றேன். அதற்குள் என்ன என்று அப்போது எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலைக்குள் தெரிந்துவிட்டது: நீதிபதி இளம் வயதில் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள். சனிக்கிழமை அவனுக்கு ஒரு மனைவி வந்தாள். "ரொம்ப வாயாடியா இருக்கா, இவ்வளவு வேணுமா?" என்றாள் குட்டி. "உன்னை மனசுல வச்சுத்தான் செஞ்சேன்," என்றேன். அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்தில் நூற்றுப்பத்து அங்கி தைத்தோம். நாடா மூட்டையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டிய பொத்தான் அக்கா, வேலையில்லாத கையோடு எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும் ஒரு ஊசியை எடுத்துவிட்டாள். சும்மா உட்கார்ந்து கதை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

வீட்டில் ஒருவர்தான் கலங்கிப் போயிருந்தார்.

"நாலு நாளா பேட்டரி முழுசா இருக்கு," என்றார் என் கணவர், பிளேயரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. "பழுதா? சத்தம் சரியா வரலையா?"

"எல்லாம் சரியா வருது. உங்க தங்கச்சியும் நானும் பேசிக்கிட்டு இருக்கோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசறதுக்கு இவ்வளவு நாளா என்னை எதுக்கு நடுவுல நிக்க வச்சீங்க?" என்றார். பிறகு குட்டி தோட்டக்காரன் கதையை அவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தவர், கால் மணி நேரம் கழித்து, "அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா இல்லையா?" என்றார்.

பிளேயரில் குரலைப் பதிவு செய்யும் வசதி இருப்பதாகவும், இதை விட்டுவிடக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். மறுநாள் மேசையில் பதிவை ஓடவிட்டுப் பார்த்தோம். அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பதினொரு நிமிடம் பதிவாகியிருந்தது, முழுக்க உலர்த்தும் இயந்திரத்தின் உறுமல். நடுவில் ஒரே ஒரு தடவை பொத்தான் அக்கா, "சொல்லேன்டி," என்கிறாள். அதை என் கணவர் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

தோட்டக்காரன் கதை அடுத்த புதன்கிழமை முடிந்தது. முடிவு அவ்வளவு சரியில்லை என்பது குட்டியின் கருத்து. கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டவை என்பதை நான் மூன்று தடவை மாற்றிவிட்டேனாம். "முதல்லயே முடிவு பண்ணியிருக்கணும் அண்ணி," என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வாரம் புதுத் துப்பறியும் கதை வந்திருக்கிறது, ஐம்பத்துமூன்று பகுதி. இந்தத் தடவை இரண்டு காதுக்கும் ஒரே கதைதான் வேண்டும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். அவ்வளவு எளிதான வேலையைச் செய்யச் சொன்னதில் என் கணவருக்குக் கொஞ்சம் வருத்தம். பகுதிகளுக்கு நடுவே மூச்சு விட இரண்டிரண்டு பாட்டு சேர்த்துக் கொடுத்து மனதைத் தேற்றிக்கொண்டார். கப்பலில் ஒரு சமையல்காரர் காணாமல் போயிருக்கிறார். எனக்கு மாலுமி மேல் சந்தேகம். குட்டிக்குச் சமையல்காரர் மேலேயே சந்தேகம்.

நேற்று இரண்டாம் பகுதியின் நடுவில் நூல் தீர்ந்துவிட்டது. குட்டி எழுந்தாள். பிளேயரை நிறுத்தினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதிலிருந்த குமிழையும் மெதுவாகக் கழற்றி, ஒயரைச் சுற்றி, எல்லாவற்றையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.